அரையணாவில் அடங்காத தூரம்

1854 அக்டோபர் 1 அன்று மதராஸ் தபால் ஆபீஸில் செங்கல்பட்டுக்குக் கடிதம் போட்டவரும் பெஷாவருக்குக் கடிதம் போட்டவரும் ஒரே கட்டணம்தான் கட்டினார்கள். கால் தோலா எடைக்குள் இருந்தால் அரையணா. அதுவரை இருந்த கணக்கு வேறு. 1837-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தூரம் ஏற ஏறக் கட்டணமும் ஏறியது. ஒரு தோலா எடையுள்ள கடிதம் கல்கத்தாவிலிருந்து ஆக்ரா போகப் பன்னிரண்டு அணா, பம்பாய் போக ஒரு முழு ரூபாய். புதிய ஏற்பாடு வந்த அன்று, கடிதம் போடுகிறவரின் செலவுக் கணக்கிலிருந்து தூரம் நீங்கிவிட்டது.

பாதையில் ஒரு மைல்கூடக் குறையவில்லை. மதராஸில் ரயிலே அப்போது கிடையாது. ராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட 1856 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான தபால் மனிதர் தோளில்தான் போயிற்று. அரையணாவுக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தை யார் நடந்தார்கள், எத்தனை மணி நேரம் நடந்தார்கள், அந்த நேரம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று தேடிப் போனால் இந்திய அஞ்சலின் வரலாறு தபால்தலைகளின் வரலாறாக மட்டும் நிற்பதில்லை. அது வேலை நேரத்தின் வரலாறாக விரிகிறது.

ஓடிச் சேர்க்கும் தொழில் இங்கே பழையது. பதினான்காம் நூற்றாண்டில் டெல்லி சுல்தானகத்துக்கு வந்த இபின் பதூதா, குதிரைத் தபாலைவிடக் கால்தபால் வேகமானது என்று எழுதிவைத்தார். ஒவ்வொரு மைலும் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பிரிவின் முடிவிலும் மண்டபங்கள். அவற்றில் இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்கள் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு முழக் கோல், அதன் நுனியில் செம்பு மணிகள். மணியோசை தூரத்தில் கேட்டதும் அடுத்தவர் எழுந்து நிற்பார், கடிதம் கைமாறும், அவர் ஓடத் தொடங்குவார். சிந்துவிலிருந்து டெல்லிக்கு ஐம்பது நாள் பயணம் என்றால், ஒற்றர்களின் செய்தி ஐந்தே நாளில் சுல்தானை எட்டியது. முகமது பின் துக்ளக் தௌலதாபாத்தில் இருந்தபோது அவர் குடிக்கக் கங்கை நீரும் இப்படித்தான் போயிற்று.

அந்த ஏற்பாட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருவர் ஓடியது ஒரு மைலில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. வேகத்தின் ரகசியம் கால்களின் வலிமையில் இருந்ததைவிட ஆட்களின் எண்ணிக்கையில்தான் அதிகம் இருந்தது. வேகம் வேண்டுமென்றால் ஆள் வேண்டும். ஓடாமல் காத்திருக்கும் ஆளையும் வைத்துப் பராமரிக்க வேண்டும்.

தெற்கே மைசூரில் சிக்கதேவராஜ உடையார் காலத்தில் ‘அஞ்செ’ என்ற பெயரில் தபால் அமைப்பு உருவானது. திருவிதாங்கூரில் அதன் பெயர் ‘அஞ்சல்’. மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சலோட்டக்காரருக்கு வழிவிட வேண்டும். அவரைத் தடுப்பது குற்றம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரின் பகுதி. சங்கு முத்திரையோடு 1888 முதல் தனித் தபால்தலைகளும் வெளியிட்ட திருவிதாங்கூர் அஞ்சல், 1951-இல்தான் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. துறையின் தமிழ்ப் பெயராக இன்று நாம் எழுதும் ‘அஞ்சல்’ அந்தப் பழைய சொல்தான். இலங்கைத் தமிழர் இன்றும் பள்ளி விளையாட்டுப் போட்டியில் கோல் மாற்றி ஓடும் ஓட்டத்தை ‘அஞ்சலோட்டம்’ என்கிறார்கள். பேச்சுவழக்கில் நிலைத்த ‘தபால்’ வேறு வழியில் வந்தது. வடக்கே ‘டாக்’ என்றதைத் தென்னிந்தியாவில் கம்பெனிக்காரர்கள் ‘டப்பால்’ என்று எழுதினார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்தபோது ஆள் செலவை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வியும் உடன் வந்தது. 1766-இல் கிளைவ் வங்காளத்தில் கண்ட வழி, பாதையோர ஜமீன்தார்களே ஓட்டக்காரர்களைத் தர வேண்டும் என்பது. 1774-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பொதுமக்களின் கடிதங்களுக்கும் தபாலைத் திறந்துவிட்டார். நூறு மைலுக்கு இரண்டணா. மதராஸில் ஆளுநர் ஆர்ச்சிபால்ட் கேம்பெல் காலத்தில், 1786 ஜூன் 1 அன்று, கோட்டையின் கடல்வாசல் அருகே பொதுத் தபால் ஆபீஸ் தொடங்கியது. கடற்கரைச் சாலையில் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த செங்கல் நிறக் கட்டடத்துக்கு அது குடிபோனது 1884-இல். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

கம்பெனிப் பாதைகளில் ஓட்டக்காரர் மாறும் இடங்கள் சில மைல் இடைவெளியில் இருந்தன. இபின் பதூதா கண்ட மண்டபங்களோடு ஒப்பிட்டால் ஒருவர் தோளில் விழுந்த தூரம் பல மடங்கு. காட்டுவழியில் இரவில் போகத் தீவட்டி பிடிப்பவர் ஒருவர், விலங்கை விரட்டப் பறை கொட்டுபவர் ஒருவர் எனக் கூட ஆள் வைத்ததும் உண்டு. மழையில் ஆறு பெருகினாலும் பை நனையக் கூடாது, தாமதமானால் அபராதம். காட்டு விலங்குக்குப் பலியானவர்களும் வழிப்பறியில் வெட்டுப்பட்டவர்களும் அந்தப் பாதைகளில் இருந்தார்கள்.

இந்த நிலையில்தான் அரையணா வந்தது. அதன் மூலக் கருத்து இங்கிலாந்துக்காரர் ரோலண்ட் ஹில்லுடையது. ஒரு கடிதத்தை லண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் கொண்டுபோக உண்மையில் ஆகும் செலவு ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் என்று 1837-இல் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். செலவெல்லாம் கடிதத்தை வாங்குவதிலும் பிரிப்பதிலும் கொடுப்பதிலும் ஆகிறது, தூரத்தில் இல்லை என்பது அவர் வாதம். நல்ல சாலையில் குதிரைவண்டி நூற்றுக்கணக்கான கடிதங்களை ஒரேயடியாக ஏற்றிப்போகும் நாட்டுக்கு அது பொருந்தியது. 1840-இல் பென்னித் தபால் அங்கே பிறந்தது.

இந்தியாவுக்கு அந்தக் கணக்கு பாதிதான் பொருந்தியது. நகரத்திலிருந்து நகரத்துக்குப் போகும் பெரிய பைகளுக்குச் சரி. ஆனால் தாலுகா ஊரிலிருந்து கடைசிக் கிராமம் வரை, வாரத்துக்கு நான்கைந்து கடிதம் வரும் ஊர்களுக்கு, முழுச் சம்பளத்தில் ஓர் ஆளை வைத்தால் அரையணா கட்டாது. துறை கண்டுபிடித்த தீர்வு எளிமையானது: முழு ஆளை வைக்காமல், ஆளின் ஒரு பகுதி நேரத்தை மட்டும் வாங்குவது.

ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், பலசரக்குக் கடைக்காரர், ஓய்வுபெற்றவர், கொஞ்சம் நிலம் உள்ளவர் என ஏற்கெனவே ஒரு வருமானம் இருப்பவரைப் பிடித்து, திண்ணையில் ஒரு மேசையும் முத்திரையும் வைத்து, சிறு தொகை கொடுத்துத் தபால் பார்க்கச் செய்தார்கள். இந்த முறையின் தொடக்கத்தை 1854-ஐ ஒட்டியே துறை சொல்லிவருகிறது. ஆங்கிலத்தில் ‘எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல் ஏஜென்ட்’. துறைக்கு வெளியே இருக்கும் முகவர் என்று பொருள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அது சுருங்கி ‘ஈ.டி.’ ஆயிற்று: ஈ.டி. போஸ்ட்மாஸ்டர், ஈ.டி. தபால்காரர், பை சுமக்கும் ஈ.டி. மெயில் கேரியர்.

வாத்தியாருக்குப் பாடம் முடிந்தபின் ஒரு மணி நேரத் தபால் வேலை தொந்தரவாக இருந்திருக்காது. ஆனால் பைக்குள் போனது கடிதம் மட்டும் இல்லை. 1877-இல் வி.பி.பி. வந்தது; பொருளைக் கொடுத்துப் பணத்தை வாங்கி வர வேண்டும். 1880 ஜனவரி 1 முதல் மணியார்டர் தபால் துறையின் கைக்கு வந்தது. 1882-இல் சேமிப்பு வங்கி. 1892-இல் வங்காளத்தில் காய்ச்சலுக்கான கொய்னா பொட்டலங்களையும் தபால் ஆபீஸில் விற்கத் தொடங்கினார்கள்.

மணியார்டர் ஒன்றைப் பட்டுவாடா செய்வது எவ்வளவு வேலை என்பது பழைய தபால்காரர்களுக்குத் தெரியும். சிலோன் தோட்டத்திலிருந்தோ மலாயாவிலிருந்தோ ராமநாதபுரம் சீமைக்குப் பணம் வரும். வாங்க வேண்டியவர் வயலில் இருப்பார். ஆள் அனுப்ப வேண்டும், அல்லது வரப்பில் இறங்கித் தேடிப் போக வேண்டும். எழுதத் தெரியாதவரென்றால் கைநாட்டு. கைநாட்டுக்குச் சாட்சிக் கையெழுத்து. சாட்சிக்கு இன்னோர் ஆளைத் தேட வேண்டும். ரூபாயை எண்ணிக் கொடுத்ததும் கூப்பனில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு திரும்பி வந்து கணக்கில் ஏற்ற வேண்டும். கையில் இருப்பது சர்க்கார் பணம். ஒரு ரூபாய் குறைந்தாலும் வேலை போகும். அரை மணி நேரம் பிடிக்கும் ஒரு பட்டுவாடா ஏட்டில் ஒரே ஒரு வரியாகத்தான் நின்றது.

நகரத்துத் தபால்காரரின் கதை கொஞ்சம் வேறு. அவர் துறையின் முழு நேர ஊழியர். காலையில் பைகளைப் பிரித்து, தெருவாரியாக அடுக்கி, கட்டுக் கட்டித் தன் ‘பீட்’டுக்குப் புறப்படுவார். பெரிய நகரங்களில் ஒரே நாளில் பல முறை பட்டுவாடா நடந்த காலம் உண்டு. பக்கத்துப் பீட்காரர் விடுப்பில் போனால் அந்தத் தெருக்களும் இவர் சைக்கிளில் ஏறும். நகரம் வளர்ந்து மாடிக் கட்டடங்கள் எழுந்தபோது பீட்டின் நீளம் கூடாமலே படிகள் கூடின.

இரண்டாம் உலகப் போர்க்கால விலைவாசி தபால்காரர்களின் சம்பளத்தைத் தின்றுவிட்டது. 1946 ஜூலை 11 அன்று தபால்காரர்களும் கீழ்நிலை ஊழியர்களும் நாடு முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கடிதம் நின்றது, மணியார்டர் நின்றது. ஜூலை 29 அன்று கல்கத்தாவே அவர்களுக்காகக் கடையடைத்தது. அதே ஆண்டு அமைக்கப்பட்ட முதல் மத்திய ஊதியக் குழுவின் தலைவர் ஒரு தமிழர்: கூட்டரசு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த எஸ். வரதாச்சாரியார். 1947-இல் அக்குழு, கடைநிலை ஊழியருக்கும் அகவிலைப்படியோடு சேர்த்து மாதம் 55 ரூபாயாவது கிடைக்க வேண்டும் என்றது. வாழ்வதற்குப் போதுமான கூலி என்ற எண்ணம் அரசின் சம்பளக் கணக்குக்குள் நுழைந்த தருணம் அது.

ஈ.டி. ஊழியருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அவர் துறைக்கு வெளியே இருப்பவர். ஊதியக் குழுவின் எல்லையும் அவர் வீட்டு வாசலுக்கு முன்பே முடிந்தது. அவர்களைப் பற்றி ஆராயத் தனிக் குழுக்கள் வந்தன: 1950-களின் இறுதியில் ராஜன் குழு, 1980-களில் சவூர் குழு, 1990-களில் நீதிபதி தல்வார் குழு, பிறகு நடராஜமூர்த்தி குழு, கடைசியாக 2016-இல் அறிக்கை தந்த கமலேஷ் சந்திரா குழு. ஒவ்வொன்றும் தொகையைக் கொஞ்சம் உயர்த்தியது.

இதற்கிடையில் நாடு இவர்களை நம்பியே வளர்ந்தது. விடுதலையின்போது இந்தியாவில் இருந்த தபால் ஆபீஸ்கள் 23,344. இன்று சுமார் 1,64,000. இந்தப் பெருக்கத்தில் பெரும்பகுதி கிராமத்துக் கிளை அஞ்சலகங்கள். அவற்றை நடத்துவோர் பகுதி நேர ஊழியர்கள். உலகிலேயே பெரிய அஞ்சல் வலைப்பின்னல் என்று இந்தியா பெருமைப்படுவதற்கு அடித்தளம் அந்த மலிவான பகுதி நேரம்தான்.

அவர்கள் யார் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிற்று. கேரளத்திலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும், விசாரணை வாய்ப்பே தராமல் வேலையை விட்டு நீக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்குகள் அவை. அவர்கள் வெறும் முகவர்கள், அரசுப் பதவியில் இருப்பவர்கள் இல்லை என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 1977 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவர்கள் வகிப்பது அரசின் கீழ் உள்ள பதவியே. அரசியல் சட்டத்தின் 311-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு என்றது. வேலையை விட்டு விருப்பப்படி நீக்குவது அதோடு நின்றது. ஆனால் பதவி என்று ஆனபிறகும் அவர்கள் முறையான அரசுப் பணிக்கு வெளியேதான் வைக்கப்பட்டார்கள்.

2001-இல் பெயர் மாறியது. ஈ.டி. ஏஜென்ட், ‘கிராமின் டாக் சேவக்’ ஆனார். விதி மாறவில்லை. சேவகர் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யத் தேவையில்லை. வாழ்க்கைக்கு வேறு வருமான வழி இருக்க வேண்டும். அஞ்சலகம் நடத்த இடத்தையும் போஸ்ட்மாஸ்டரே பார்த்துக்கொள்ள வேண்டும். விடுப்பு வேண்டுமென்றால் தன் பொறுப்பிலேயே பதிலாளை நிறுத்த வேண்டும். அதனால்தான் கிராமத்தில் போஸ்ட்மாஸ்டர் கல்யாணத்துக்குப் போன நாளில் அவர் மகனோ மைத்துனரோ பை தூக்கியதை ஊர் பார்த்திருக்கிறது. அவசரத்துக்கு உதவும் உபரி ஆள் என்ற செலவைத் துறை தன் ஏட்டிலிருந்து எடுத்து ஊழியரின் குடும்பத்திடம் கொடுத்துவிட்டது.

சம்பளத்துக்கு அங்கே சம்பளம் என்றே பெயரில்லை, ‘டி.ஆர்.சி.ஏ.’, அதாவது நேரத்தோடு இணைந்த படி. எத்தனை கடிதம், எவ்வளவு பணப் பரிமாற்றம், எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து, வேலைப்பளுவைப் புள்ளிகளாக்கி, அது மூன்று மணி நேர வேலையா, நான்கா, ஐந்தா என்று முடிவு செய்வார்கள். அளவுகோல் ஐந்தில் முடிந்தது. வேலை அதற்கு மேல் போனால் அளக்க இடமில்லை. மெயில் வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால் அந்தக் காத்திருப்புக்கும், அன்று மாலை இருட்டில் நடந்த பட்டுவாடாவுக்கும் புள்ளி கிடையாது.

முழு நேர ஊழியரின் ஓவர்டைமும் மெல்லத் தேய்ந்தது. மத்திய அரசு ஊழியருக்கான மிகைநேரப் படியின் விகிதம் 1991-இல் நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் மூன்று ஊதியக் குழுக்கள் வந்து அடிப்படைச் சம்பளம் பல மடங்கு ஏறிய பிறகும் அந்த விகிதம் ஏறவில்லை. 2018 ஜூன் மாத ஆணை, இயக்கப் பணியாளரும் தொழிற்சாலைப் பிரிவினரும் தவிர மற்றவர்களுக்கு அந்தப் படியையே நிறுத்தியது. தொடர்வோருக்கும் 1991 விகிதம்தான் என்று சொல்லிவிட்டது. ஒரு மணி நேரம் கூடுதலாக உழைத்தால் வழக்கமான மணி நேரத்தைவிட அதிகக் கூலி என்பது தொழிலாளர் சட்டத்தின் பழைய பாடம். இங்கே கூடுதல் மணி நேரமே நாளின் மிக மலிவான நேரம் ஆகிவிட்டது.

அந்த ஆணை வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2018 மே 22 அன்று, கிராமின் டாக் சேவக்குகள் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தார்கள். கமலேஷ் சந்திரா குழுவின் அறிக்கை தூசி படிந்து கிடந்ததுதான் காரணம். தமிழ்நாட்டிலும் கிளை அஞ்சலகங்கள் பூட்டிக் கிடந்தன. ஜூன் 6 அன்று மத்திய அமைச்சரவை உயர்வுக்கு ஒப்புதல் தந்தது. கிளை போஸ்ட்மாஸ்டருக்கு நான்கு மணி நேரத்துக்கு மாதம் 12,000 ரூபாய், ஐந்து மணி நேரத்துக்கு 14,500. உதவி போஸ்ட்மாஸ்டர் நிலையில் 10,000, 12,000. மூன்று மணி நேர நிலை ஒழிந்தது. பயன்பெற்றவர்கள் சுமார் 3.07 லட்சம் பேர். ஐந்து மணி நேர வரம்பு அப்படியே நின்றது.

அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி தொடங்கியது. சேவகர் கையில் இப்போது கைப்பேசியும் கைரேகைக் கருவியும். கடிதம் குறைந்தது உண்மை. அதன் இடத்துக்கு இணைய வணிகப் பார்சல்கள் வந்தன. கடிதக் கட்டை விரலிடுக்கில் பிடிக்கலாம். பார்சலுக்குப் பையும் வண்டியும் வேண்டும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் கதவிடுக்கில் செருகிவிட்டு வரவும் முடியாது. 2020-இல் நீலகிரி குன்னூர் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், யானையும் கரடியும் திரியும் காட்டில் நாள்தோறும் 15 கிலோமீட்டர் வரை நடந்து பட்டுவாடா செய்தவர் என்ற செய்தி நாடு முழுவதும் பரவியது. எல்லோரும் அவரது உழைப்பை மனமாரப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுக்கு அவர் முழுத் தகுதியானவர். அந்தப் பீட்டுக்கு ஓர் ஆள் போதுமா என்று கேட்ட குரல்கள் குறைவு.

நகரங்களில் இந்த வரலாற்றின் அடுத்த பக்கம் இப்போது எழுதப்பட்டுவருகிறது. சாப்பாடும் மளிகையும் கொண்டுவரும் இளைஞருக்கு நிறுவனங்கள் வைத்திருக்கும் பெயர் ‘டெலிவரி பார்ட்னர்’. முகவர், சேவகர், பங்காளி: நூற்றெழுபது ஆண்டுகளில் மூன்று பெயர்கள், மூன்றிலும் ‘தொழிலாளி’ என்ற சொல் இல்லை. வாத்தியாருக்குப் பள்ளிச் சம்பளம் இருந்தது என்பதால் துறை கொடுத்த சிறு தொகை செல்லுபடியானது. இங்கோ பகுதி நேரம் என்று சொல்லப்படும் வேலையில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வண்டியோட்டிக் குடும்பம் நடத்துவோர் ஏராளம். கூலி ஆர்டர் கணக்கில். உணவகத்து வாசலில் பொட்டலத்துக்காக நிற்கும் நேரமும், அடுத்த ஆர்டர் விழும்வரை மரத்தடியில் உட்காரும் நேரமும் பெரும்பாலும் அவருடைய செலவு. பெட்ரோலும் வண்டித் தேய்மானமும் அவருடையவைதான்.

2020-21-இல் இந்தியாவில் இத்தகைய தொழிலாளர்கள் 77 லட்சம் பேர் என்றும், 2029-30-க்குள் 2.35 கோடி ஆவார்கள் என்றும் நிதி ஆயோக் மதிப்பிட்டது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களை முதன்முறையாகப் பெயர் சொல்லி அங்கீகரித்தது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை, தொழிலாளருக்குக் கொடுப்பதில் 5 சதவீதத்தைத் தாண்டாமல், பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும் என்கிறது அது. 2023 ஆகஸ்ட் 15 அன்று கோட்டைக் கொத்தளத்தில் பேசிய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், தமிழ்நாட்டில் இவர்களுக்குத் தனி நலவாரியம் அமையும் என்று அறிவித்தார், வாரியமும் வந்தது. விபத்துக்கும் முதுமைக்கும் இவற்றில் வழி இருக்கிறது. எத்தனை மணி நேரம், மிகைநேரத்துக்கு எவ்வளவு என்ற கேள்விகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன.

2025-இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் டெலிவரி ஊழியர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளைத் திறந்தது. கண்ணாடி அறை, உட்கார இருக்கை, கைப்பேசிக்கு மின்னேற்றம். மே மாத வெயிலில் தார்ச்சாலையில் ஓடிவிட்டு வருகிறவருக்கு அது பெரிய ஆறுதல். உள்ளே நுழைபவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார். கைப்பேசியைத் திரை மேலே தெரியும்படி வைத்துக்கொண்டு அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கிறார். டெல்லிப் பாதை மண்டபங்களில் கச்சை கட்டி உட்கார்ந்திருந்தவர்கள் காதைத் தீட்டி மணியோசைக்குக் காத்திருந்ததும் இப்படித்தான். சுல்தானின் கணக்கில் அந்தக் காத்திருப்பும் வேலையாக இருந்தது.